தையில் விதை, சித்திரைக்கு முன் பறி

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது தமிழ்நாட்டு வானம். ஆடியில் விதைத்தால் ஐப்பசி மழை பயிரைத் தேற்றும். தைக்குள் விளைச்சல் வீடு வந்துவிடும். அந்தக் கணக்கோடு கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வாழும் மலேசியாவின் கோலசிலாங்கூர், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்றேகால் பாகையில் இருக்கிறது. இங்கே பனிக்காலமும் இல்லை, தனியாக ஒரு கோடையும் இல்லை. பகலில் 32, 33 டிகிரி, இரவில் 24. மாதம் மாறினாலும் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே இங்கே பருவத்தை மழையை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

வட சிலாங்கூரில் மழை ஆண்டில் இருமுறை உச்சம் தொடும்: அக்டோபர், நவம்பரில் ஒருமுறை, ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு முறை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானையும் திரெங்கானுவையும் பகாங்கையும் நனைத்துவிட்டுத் தித்திவங்சா மலைத்தொடரில் மோதி நிற்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் வரும்போது அதில் ஈரம் குறைந்துவிடும். அதனால்தான் பொங்கல் கழிந்த கையோடு கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரங்களில் மழை இடைவெளி விடுகிறது. தையின் பின்பாதியும் மாசியும் சேர்ந்த இந்தச் சில வாரங்கள்தாம் வீட்டுக் காய்கறித் தோட்டத்தின் பொன்னான நாட்கள். மண் காலில் ஒட்டாது, நாற்று அழுகாது, வெயில் முழுதாகக் கிடைக்கும். பங்குனி கடைசியில் மழை திரும்பும்போது செடி வேர் பிடித்துக் காய்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுதும் அந்த ஒரு கணக்கைச் சுற்றியதுதான்.

லயத்துப் பின்கட்டு

இந்த வட்டாரத்தில் காய்கறிப் பாத்தி புதிய பொழுதுபோக்கு அல்ல. மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை ஒழுங்குபடுத்த இந்திய அரசு 1922-இல் குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. அதன் நிபந்தனைகளுக்கு இணங்க மலாயாவில் 1923-இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் இந்தியத் தொழிலாளிக்குப் பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. கித்தா மரம் வெட்டித் திரும்பியவர்கள் மாலையில் அந்த நிலத்தில்தான் கத்தரியும் கீரையும் போட்டார்கள்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அந்த நிலமே உயிரைக் காத்தது. அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிவந்த மலாயாவுக்குக் கப்பல் வரத்து நின்றதும், 1942 முதல் 1945 வரை மரவள்ளிக் கிழங்குதான் பல குடும்பங்களின் சோறு. 1974-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் அறிவித்த பச்சைப் புத்தகத் திட்டமும் வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னது.

இன்று பலரும் தோட்டத்தைவிட்டு வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். 2,700 சதுர அடி கிடைக்காது. ஆனால் நாலடி அகலமும் பத்தடி நீளமும் கொண்ட நான்கு பாத்திகள், அதாவது 160 சதுர அடி, ஒரு குடும்பத்துக்குக் கீரையும் பச்சை மிளகாயும் வாரத்துக்குச் சில நாள் குழம்புக் காயும் தரப் போதும். நாலடிக்கு மேல் அகலம் வேண்டாம். இரு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். பாத்திக்குள் காலே படக்கூடாது.

மூன்று மண், மூன்று வைத்தியம்

கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை போனால் மண் மூன்று முறை மாறுகிறது. எந்த மண்ணில் வீடு நிற்கிறது என்று தெரியாமல் விதை வாங்குவது வீண்செலவு.

முதலாவது, கடலோரக் களிமண். ஜெராமிலிருந்து கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வழியாக சபாக் பெர்ணம் வரை நீளும் இந்த மண், கடல் படிய வைத்தது. சத்து மிகுந்தது, நெல்லும் தென்னையும் செழிப்பது இதனால்தான். ஈரத்தில் குழைந்து, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். இதில் ஆழமாகத் தோண்டுவது ஆபத்து. சில இடங்களில் அடிக்களிமண்ணில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமம் உறங்குகிறது. அதை மேலே கொண்டுவந்து காற்றுப்பட வைத்தால் கந்தக அமிலமாக மாறி வேரைப் பொசுக்கும். வாய்க்கால் நீர் துருநிறமாக ஓடுவதும், வெட்டிப் போட்ட மண்ணில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் தெரிவதும் அதன் அடையாளங்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மண்வெட்டி ஆழத்தோடு நிறுத்தி, மேல்மண்ணை மட்டும் கூட்டிப் பாத்தியை உயர்த்த வேண்டும். கடல் தடுப்புக் கரைக்கு அருகில் வீடு இருந்தால் பெரிய ஓதத்தின்போது உப்புநீர் ஏறாத மேட்டையே தேர வேண்டும்.

இரண்டாவது, கரிய கம்பூட் மண். ராஜா மூசா காட்டை ஒட்டிய பகுதிகளில் இது பரவியிருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தண்ணீரில் ஊறி, முழுதும் மக்காத மரம், வேர், இலை ஆகியவற்றின் குவியல் இது. பார்வைக்குத் தொழு உரம் போலக் கறுப்பாக இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். உண்மையில் இது கடும் புளிப்பு. கார அமில அளவு 4-க்கும் கீழே இறங்கும். செம்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகளும் குறைவு. சுண்ணாம்பு இல்லாமல் இதில் வெண்டைகூடத் தேறாது. முற்றிலும் காய்ந்துபோனால் மறுபடி எளிதில் நீரை உறிஞ்சாது என்பதால் மேலே மூடாக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தொடங்கி பத்தாங் காலி, கெர்லிங், கோல குபு பாரு வரை உள்ள உள்நாட்டு மண். கித்தாவும் செம்பனையும் நிற்கும் செம்மஞ்சள் மண் இது. பெரிதாகத் தொல்லை தராது. மழை சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுவதால் எருதான் தேவை. ஆனால் முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி ஈய லம்பங்கள் இருந்த இடங்களில் வெறும் மணல் கிடக்கிறது. அங்கே வெளியிலிருந்து மண் கொண்டுவந்து மேட்டுப் பாத்தியோ பாலிபேக்கோ வைப்பதே நல்லது. பழைய லம்பக் குளத்து நீரில் உலோகக் கலப்பு இருக்க வாய்ப்புண்டு. சோதிக்காமல் கீரைக்கு ஊற்றக் கூடாது.

மூன்று மண்ணுக்கும் பொதுவான மருந்து டோலமைட் சுண்ணாம்பு. உரக்கடையில் ஜி.எம்.எல். என்று கேட்டால் கொடுப்பார்கள். செம்மண்ணுக்கும் களிமண்ணுக்கும் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம். கம்பூட் மண்ணுக்கு முதல் ஆண்டில் ஒரு கிலோ வரை. விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தூவி, மண்ணோடு கலந்து, நனைத்துவிட வேண்டும். மார்கழி முற்பாதியில் இந்த வேலை முடிந்தால் பொங்கலுக்கு மண் தயார். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் கலந்தால் எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாகிவிடும். இடையே பத்து நாளாவது விட வேண்டும்.

சிமென்ட் தரை மட்டும் உள்ள வீடுகளுக்குப் பாலிபேக் போதும். மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு மணல் என்பது மலேசிய நாற்றங்கால்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கலவை. மிளகாய்க்கும் கத்தரிக்கும் 16 அங்குலப் பை வேண்டும். சின்னப் பையில் வைத்தால் மாசி வெயிலில் ஒரே பகலில் வாடிவிடும்.

வடிகால் முதலில், தண்ணீர் பிறகு

காய்ந்த மாதத்தில் வடிகால் வெட்டச் சொன்னால் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சீமையில் காய்கறிச் செடிகள் வெயிலில் சாவதைவிடத் தண்ணீர் தேங்கிச் சாவதே அதிகம். காய்ந்த மாதத்திலும் ஒரு மாலை இடிமழை ஒரே மணி நேரத்தில் பாத்தியை மூழ்கடிக்கும். பாத்தியை முக்காலடி முதல் ஓரடி உயர்த்தி, இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஒன்றரையடி அகலத்தில் வாய்க்கால் விட வேண்டும். நடைவழியும் அதுதான்.

கொடிப் பந்தலை எங்கே நிறுத்துவது? தை, மாசியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே விழும். ஆகவே பயத்தங்காய்க் கொடியும் பாகல் பந்தலும் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் நின்றால் மற்ற பாத்திகளுக்கு வெயில் மறையாது. செம்பனை அல்லது மாமர நிழல் விழும் மூலையில் காய்ச்செடிகள் வேண்டாம். அங்கே பொன்னாங்கண்ணி, பண்டான், மஞ்சள் ஆகியவை பிழைத்துக்கொள்ளும்.

நாள் கணக்கு

ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும்போது, அடைமழை இருக்கும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால் எதை எப்போது போடுவது என்பது தானே தெரிந்துவிடும்.

மிளகாய்க்கும் கத்தரிக்கும் மார்கழியிலேயே நாற்றுத் தட்டில் விதை விழ வேண்டும். நாற்று நான்கு, ஐந்து வாரத்தில் நடவுக்கு வரும். நட்டபின் கத்தரி 60, 70 நாளிலும் மிளகாய் 75 நாள் வாக்கிலும் காய் கொடுக்கும். தை முதல் வாரம் நட்டால் பங்குனியில் முதல் பறிப்பு. இதைத் தள்ளிப்போட்டால் மிளகாய் சிவக்கும் நேரமும் அடைமழையும் ஒன்றாக வந்து, பழத்தில் கருவட்டம் விழும் அழுகல் நோய் பாதியைக் கொண்டுபோகும். பொங்கலுக்குள் நாற்று தயாராக இல்லாதவர்கள் நாற்றுக் கடையில் வாங்கி நடுவதே நல்லது. மிளகாய்க்கு எப்பக்கமும் இரண்டடி, கத்தரிக்கு இரண்டரையடி இடைவெளி விட வேண்டும்.

வெண்டையும் பயத்தங்காயும் நேரடியாக விதைக்கும் பயிர்கள். இரண்டும் 45 முதல் 50 நாளில் காய் தரும். தை முதல் வாரம் ஊன்றினால் மாசிக் கடைசி வாரத்தில் பறிக்கத் தொடங்கி மழை வரும்வரை பறிக்கலாம். வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து, குழிக்கு இரண்டாக, ஒன்றரையடி இடைவெளியில் போட வேண்டும். முளைத்ததும் வலுவானதை மட்டும் விட்டுவைக்கலாம். காய் விரல் நீளம் வந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால்தான் செடி தொடர்ந்து காய்க்கும். பயத்தங்காய்க்கு ஆறடி உயரத்துக்குக் கம்பும் கயிறும் வேண்டும். வேலி ஓரத்து மூங்கிலும் செம்பனை மட்டையின் நடுத்தண்டும் இதற்கு ஏற்றவை.

பாகல் 55, 60 நாள். புடலை 60, 65 நாள். இரண்டையும் பந்தலேற்றி வடக்கு ஓரத்தில் வைக்கலாம். பரங்கிக்குக் கொடி ஓட இடம் வேண்டும். எருக்குழி ஓரத்தில் ஊன்றிப் புல்வெளிப் பக்கம் திருப்பிவிட்டால் பாத்தியை அடைக்காது.

நான்காவது பாத்தி கீரைக்கு. கங்கோங்கும் தண்டுக்கீரையும் 25, 30 நாளில் தயார். சாவிக் கீரை 30, 35 நாள். ஒரே நாளில் பாத்தி முழுதும் தூவினால் ஒரு வாரம் கீரை மலைபோல் குவியும், பிறகு மூன்று வாரம் வெறுமை. பாத்தியை மூன்றாகப் பிரித்துப் பத்து நாளுக்கு ஒரு பகுதி விதைத்தால் வாரந்தோறும் ஒரு கட்டு கிடைக்கும். தண்டுக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. நான்கு பங்கு மணலோடு கலந்து தூவினால் பரவலாக விழும்.

அவரையைப் பற்றி ஒரு தனிக் குறிப்பு. பொங்கல் கூட்டுக்கு அவரையும் மொச்சையும் வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து விதை கொண்டுவந்து தையில் ஊன்றுபவர்கள் உண்டு. பழைய அவரை இரகங்கள் பகல் குறுகும்போதுதான் பூக்கும். இங்கே பகலின் நீளம் ஆண்டு முழுதும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருந்தாலும், டிசம்பரிலிருந்து ஜூன் வரை கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. அதனால் தையில் ஊன்றும் கொடி அவரை இலையாகவே ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த பொங்கலுக்கு வேண்டுமானால் ஆகஸ்டு, செப்டம்பரில் ஊன்றுவது நல்லது. கம்பங்களில் கச்சாங் போத்தோல் என்று விற்கும் சிறகவரைக்கும் இதே குணம்தான்.

நீண்டகாலப் பயிர்களுக்கும் இது வேலைக்காலம். இலை காய்ந்து சாய்ந்த மஞ்சளைத் தோண்டி, கொழுத்த விரல்களைச் சமையலுக்கு எடுத்து, தாய்க்கிழங்கை நிழலில் வைத்துப் பங்குனிக் கடைசியில் நடலாம். முருங்கைக்குக் கைத்தடிப் பருமனில் மூன்றடிப் போத்து வெட்டி, மேட்டில் நட இதுவே தகுந்த நேரம்; மழைக்காலத்தில் நட்ட போத்துகள் அடியழுகிப் போகும். நிற்கும் முருங்கையை நெஞ்சுயரத்துக்கு வெட்டிவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் கீரை தழைக்கும். கறிவேப்பிலையின் பக்கக் கன்றைப் பிடுங்கி நடுவதோ மழை வந்த பிறகே. வாழைக்கும் மரவள்ளிக்கும் தனி மூலை வேண்டும். மரவள்ளி எட்டு முதல் பத்து மாதம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எழுபது லிட்டர்

இந்த வட்டாரத்தில் தெளிந்த வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் பயிர் நான்கு, ஐந்து லிட்டர் நீரைக் காற்றுக்கு விடுகிறது. 160 சதுர அடி என்பது ஏறத்தாழ 15 சதுர மீட்டர். ஆக, மழையில்லாத நாளில் நான்கு பாத்திகளுக்கு 70 லிட்டர் தேவை. பத்து நாள் மழையில்லாமல் போனால் 700 லிட்டர்.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 2014 பிப்ரவரியில் மழை பொய்த்து, கோல குபு பாருவுக்கு மேலேயுள்ள சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்மட்டம் சரிந்தபோது, மாநிலத்தின் பல பகுதிகளில் மாதக்கணக்கில் குழாய்நீர்ப் பங்கீடு நடந்தது. அது முடிவுக்கு வந்தது மே மாதத் தொடக்கத்தில். அதே நாட்களில் கம்பூட் காடுகள் எரிந்து புகைமூட்டமும் சேர்ந்தது. குழாயை மட்டும் நம்பிய தோட்டம் அப்படிப்பட்ட ஆண்டில் தாங்காது.

20 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர் பீப்பாய் நிறைந்துவிடும். கூரைத் தாழ்வாரத்தின் கீழே இரண்டு பீப்பாய்களை மார்கழியிலேயே நிறுத்திவைக்கலாம். ஆனால் மூடி இல்லாத பீப்பாய் காய்கறியைவிட முதலில் ஏடிஸ் கொசுவை வளர்க்கும். மலேசியாவில் டிங்கிக் காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கொசுப்புழு கண்டுபிடிக்கப்படும் வீட்டுக்குத் தண்டம் உண்டு. முட்டை கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும் என்பதால், மெல்லிய வலையால் வாயைக் கட்டுவதோடு வாரம் ஒருமுறை பீப்பாயைத் திறந்து பார்ப்பதும் தோட்ட வேலையில் சேர்ந்ததே. பாலிபேக்குக்குக் கீழே தட்டு வைக்கக் கூடாது.

பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ வந்த பிளாஸ்டிக் பீப்பாய்களை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்குப் பயன்படுத்தக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

தண்ணீரைக் காலையில் ஊற்றுவது நல்லது. மாலையில் இலை நனைந்தால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். தினமும் தெளிப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் வேர்வரை இறங்க ஊற்றினால் செடி ஆழமாக வேர்விடும். நாற்றும் கீரையும் மட்டும் விதிவிலக்கு. அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் நேராகப் பாத்திக்குப் போகலாம். சோப்பு நீரை வாழைக்கு விடலாம்; கீரைக்கு வேண்டாம்.

மூடாக்கு: பக்கத்திலேயே கிடைப்பது

மண்ணை வெயிலுக்குக் காட்டாமல் மூடிவைத்தால் ஊற்றும் நீரில் பெரும்பகுதி மிச்சம். இதற்கான பொருளுக்கு வட சிலாங்கூரில் பஞ்சமில்லை. தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வயல்களில் ஆண்டுக்கு இருபோகம் நெல் விளைகிறது. ஆண்டு முடிவு அறுவடையின் வைக்கோல் தை மாதத்துக்குச் சரியாக உதவும். இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, தண்டைத் தொடாமல் விரல் அகலம் விலக்கிவைக்க வேண்டும். கடலோரத் தென்னந்தோப்பு மட்டைகளையும் நறுக்கிப் போடலாம்.

உள்நாட்டுப் பக்கம் செம்பனைதான் எங்கும். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ளதுதான்: பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகொன்னியே 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் அதை நட்டார். நூற்றாண்டு கடந்து இன்று ஆலைகளில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெறுங்குலைகள் மலைமலையாகச் சேர்கின்றன. இவற்றில் சாம்பல்சத்து நிறைய. தோட்ட நிர்வாகங்களே மரத்தடியில் பரப்புகின்றன. கேட்டு வாங்கக்கூடிய இடத்தில் வீட்டுப் பாத்திக்கும் பயன்படுத்தலாம். ஒரு நிபந்தனை: ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்துவைத்தால் மக்கும் குவியலுக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்த வண்டு பக்கத்துத் தென்னைக் குருத்தைத் துளைக்கும்.

களைகளையும் சருகையும் கொளுத்துவது பழைய வழக்கம். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடைசெய்கிறது. கம்பூட் மண்ணில் அது சட்டப் பிரச்சினையைவிடப் பெரிய ஆபத்து: நெருப்பு மண்ணுக்கடியில் இறங்கி, மேலே அணைந்தது போலத் தெரிந்தாலும் பல நாள் கழித்து வேறோர் இடத்தில் புகையும். சருகை மூன்றடிக் குழியில் அடுக்கி, இடையிடையே சாணி கரைத்து ஊற்றினால் மூன்று மாதத்தில் எரு.

எருவும் உரமும்

தோட்டங்களில் மாடு வளர்க்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. மக்கிய சாணி எரு கிடைத்தால் அதற்கு இணை இல்லை. பாத்திக்கு இரண்டு கூடை, அடியுரமாக. கோழி எரு வேகமானது, சூடானது. பச்சையாகப் போட்டால் வேர் கருகும். நனைத்து மூடி மூன்று நான்கு வாரம் ஆறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

கடை உரத்தில் இரண்டு போதும். இலை வளரும்வரை பச்சை உரம் என்று கடைகளில் கேட்கும் 15:15:15. பூ எடுத்தபின் நீல உரம் எனப்படும் 12:12:17:2. செடிக்கு ஒரு மேசைக்கரண்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. காய்ந்த மண்ணில் போட்டுவிட்டு மழையை எதிர்பார்க்கக் கூடாது. உரமிட்டதும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

காய்ந்த மாதத்தின் எதிரிகள்

மழைக்காலத்தில் அழுகலும் நத்தையும் வரும். மாசியில் வேறு கூட்டம். மிளகாயின் இளம் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன்; கீழ்நோக்கி வளைந்து தடித்தால் கண்ணுக்குத் தெரியாத செம்பேன் இனம். வெண்டை இலையின் ஓரம் மஞ்சளித்துக் கருகினால் தத்துப்பூச்சி. மூன்றும் இலையின் அடிப்புறத்தில்தான் இருக்கும். முதல் வைத்தியம் குழாய்நீரை அடியிலிருந்து பீய்ச்சுவது. அடங்காவிட்டால் லிட்டர் நீருக்கு 5 மில்லி பாத்திரம் கழுவும் திரவமோ, வேப்பெண்ணெயும் அந்தத் திரவமும் கலந்த கரைசலோ, வெயில் சாய்ந்தபின் தெளிக்கலாம். இலை முழுதும் சுருண்டு மஞ்சளும் பச்சையும் கலந்த திட்டுகள் விழுந்த செடிக்கு வைரஸ் நோய். பிடுங்கிப் பைக்குள் கட்டிப் போட்டுவிட வேண்டும். அதைக் காப்பாற்ற நினைத்தால் மற்றவையும் போகும்.

கத்தரியின் நுனி வாடித் தொங்கினால் உள்ளே தண்டுதுளைப்பான் புழு. வாடிய நுனியை இரண்டு அங்குலம் கீழே கிள்ளி நசுக்க வேண்டும். வாரம் இருமுறை இதைச் செய்தாலே மருந்து தேவைப்படாது. பாகல், புடலைக்குப் பழ ஈ. பிஞ்சு விரல் நீளம் வந்தவுடன் காகிதப் பையோ துணிப்பையோ போட்டுக் கட்டினால் காய் பிழைக்கும். புக்கிட் மெலாவத்தியைச் சுற்றியும் காட்டோரத் தோட்டங்களிலும் குரங்கு வரும். அங்கே வெளியில் பாகல், மிளகாய், மஞ்சள் ஆகியவற்றையும், வலைக்குள் வெண்டையையும் வைப்பதுதான் பலன் தரும்.

செம்பனை நிரைகளில் களைக்கொல்லி அடித்த தோள்பம்பை வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவருவது பெரும் கேடு. குழாயில் ஒட்டியிருக்கும் துளி மருந்தே கத்தரியையும் பயத்தங்காயையும் முறுக்கிப் போடும். பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டது. பழைய போத்தல் எங்காவது கிடந்தால் அதைத் திறக்காமல் விவசாய இலாகாவிடம் கேட்டு ஒப்படைக்க வேண்டும்.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளின் புழுக்கள் கரைச் சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஆற்றோரப் பாத்தியில் போடும் நத்தை மருந்தும் பூச்சிமருந்தும் மழையில் கழுவப்பட்டு அங்கேதான் சேரும். அந்த வீடுகளில் நத்தையைக் கையால் பொறுக்கியும் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவியும் சமாளிக்க வேண்டும்.

விதை எடுப்பது

மாசிக் கடைசியில் வெண்டை நன்றாகக் காய்க்கும்போதே, நோயில்லாத, முதலில் காய்த்த இரண்டு செடிகளுக்குச் சிவப்புக் கயிறு கட்டிவிட வேண்டும். அவற்றின் நடுப்பகுதிக் காய்களில் மூன்று நான்கைப் பறிக்காமல் செடியிலேயே முற்றவிடலாம். பயத்தங்காய், பாகல், தண்டுக்கீரைக்கும் இதுவே முறை. கடையில் வாங்கிய பொட்டலத்தில் எஃப்1 என்று இருந்தால் அது ஒட்டுரகம். அதன் விதை தாயைப் போல வராது. அதனால் விதை எடுப்பதற்கென்று நாட்டு இரகம் ஒன்றாவது தோட்டத்தில் இருக்க வேண்டும்.

காயைச் சித்திரை மழை நனைக்கும் முன் ஒடித்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்த வேண்டும். விதையைப் பல்லால் கடித்தால் நசுங்காமல் உடைய வேண்டும். அதுவே உலர்ந்ததற்கு அடையாளம். வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கரண்டியைத் துணியில் முடிந்து போத்தலின் அடியில் போட்டால் மிஞ்சிய ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். பயிர், இரகம், எடுத்த மாதம் ஆகிய மூன்றையும் எழுதி ஒட்டி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். இந்த ஊரின் ஈரக்காற்றில் அலமாரியில் வைத்த விதை சில மாதங்களில் முளைப்பை இழந்துவிடும்.

அடுத்த காய்ந்த இடைவெளி ஜூன், ஜூலையில் வரும். மே கடைசியில் போத்தலிலிருந்து பத்து விதையை எடுத்து ஈரத்துணியில் மடித்துவைத்து, ஏழுக்குமேல் முளைத்தால் அதையே ஊன்றலாம். அதற்குக் குறைந்தால் குழிக்கு மூன்றாகப் போட வேண்டும்.